தாரையின் வாயால் கிட்கிந்தை: கம்பனை ஒட்டித் தனிநடிப்பு எழுத வழி சொல்லுங்கள்

வளவுமுற்றம் (கேள்வி):

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பழைய வீட்டு வளவில் (தூண்கள் சூழ்ந்த உள்முற்றத்தில்) பங்குனியில் போடுவதற்கு ஒரு தனிநடிப்பு எழுதுகிறேன். நடிப்பது ஒரே பெண், நேரம் 50 நிமிடம். வாலியின் மனைவி தாரை மட்டும்தான் பேசுவாள். வாலி, சுக்கிரீவன், இராமன் யாரும் கண்ணுக்கு வரமாட்டார்கள். அடிப்படை கம்பராமாயணம்.

நாலு இடத்தில் எழுத்து நகரமாட்டேன் என்கிறது.

வாலிக்கும் இராமனுக்கும் நடக்கும் வாதத்தை என்ன செய்வது? 1939-இல் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் காரைக்குடி. மறைந்து நின்று அம்பு விட்டது சரியா என்று பட்டிமண்டபம் கேட்டே பழகிய கூட்டம் வந்து உட்காரும். அந்த வாதம் வரவில்லை என்றால் ஏமாந்து போவார்கள். ஆனால் தாரை அதைக் கேட்டாளா?

வாலி இறந்த பிறகு தாரை சுக்கிரீவனோடு வாழ்ந்தாள் என்று ஒரு பக்கம், கைம்பெண்ணாக இருந்தாள் என்று ஒரு பக்கம். எதைக் கொள்வது?

வாலி கவர்ந்துகொண்ட, சுக்கிரீவன் மனைவி உருமையைப் பற்றித் தாரை ஒரு வார்த்தை கூடப் பேசாமல் இருக்க முடியுமா?

கடைசியாக, தொடக்கம். பாற்கடல் கடைந்ததிலிருந்து ஆரம்பித்தால் கால்வாசி நேரம் அதிலேயே போய்விடுகிறது. மொழியும் குழப்பமாக இருக்கிறது: நம்ம ஊர்ப் பேச்சா, மேடைத் தமிழா?

ஏட்டுக்கட்டு:

ஆச்சி, இரண்டாவது கேள்வியை முதலில் தீருங்கள். கம்பனா வான்மீகியா என்று ஒன்றைப் பிடித்து, கடைசி வரி வரைக்கும் அதிலேயே நில்லுங்கள். கலந்தால் தாரை இரண்டு பெண்ணாகப் பிரிந்துவிடுவாள். வான்மீகியில் அவள் சுக்கிரீவனோடு வாழ்கிறாள், கம்பனில் கைம்பெண்ணாக இருக்கிறாள். நீங்கள் கம்பனைப் பிடித்திருப்பதால், எங்கெங்கே இரண்டும் வேறுபடுகின்றன என்று சொல்கிறேன். கேள்விப்பட்ட கதை என்று நினைத்து எழுதும்போது இந்த இடங்களில்தான் தவறு நுழையும்.

பிறப்பு. வான்மீகியில் அவள் சுசேணன் மகள். கம்பனில் அமுதத்தோடு தோன்றியவள். அப்பன் பெயர் வராது. அதனால் உங்கள் தாரைக்குப் பிறந்த வீடு கிடையாது. வாலி போன பிறகு அவள் போய் நிற்க வேறு வாசல் இல்லை என்பது இதிலிருந்தே வருகிறது. பாற்கடல் கதைக்கு இந்த ஒரு வாக்கியம் போதும், மீதியை வெட்டுங்கள். தேவகுரு வியாழனின் மனைவியும் தாரை என்ற பெயர்க்காரி. சந்திரன் கதை அவளுடையது. அது இதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தடுத்த இடம். வான்மீகியில் முதல் சண்டையின்போது தாரை வருவதில்லை. சுக்கிரீவன் அடிபட்டு ஓடி, திரும்பி வந்து இரண்டாவது தடவை கூப்பிடும்போதுதான் தடுக்கிறாள். இராமன் வந்த செய்தி ஒற்றர் சொல்லி, அங்கதன் வழியாக அவளுக்குத் தெரிகிறது. கம்பனில் முதல் அறைகூவலிலேயே தடுக்கிறாள். தூங்கிக்கொண்டிருந்த வாலி அந்தக் குரல் கேட்டு எழுகிறான். குறுக்கே நின்ற அவளுடைய நெடுங்கூந்தல், அவன் கண்ணிலிருந்து வந்த தீயில் தீய்கிறது. தன்கூற்றாக எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல பிடி கிடைக்காது. அவள் உடம்பில் பட்டது, அவள் மட்டுமே சொல்லக்கூடியது.

அங்கே நடக்கும் பேச்சின் படிக்கட்டையும் கவனியுங்கள். முன்பு உன் தோள்வலிக்குத் தோற்றுப் போனவன் புதிதாக வலிமை எதுவும் பெறவில்லை, மறுபடி போருக்கு வருகிறான் என்றால் பெரிய துணை இருக்கிறது என்கிறாள். அவன் தன் வரத்தைச் சொல்கிறான், எதிர்த்து வருகிறவன் வலிமையில் பாதி தனக்கு வந்துவிடும் என்று. அதற்கப்புறம்தான் இராமன் பெயரைச் சொல்கிறாள். யார் சொன்னது? ‘துன்னிய அன்பினர்’ (நெருங்கிய அன்புள்ளவர்கள்) என்று மட்டும் கம்பன் விடுகிறான். அந்த ஆள் யார் என்று நீங்கள் நிரப்பலாம். அங்கதன் என்று மட்டும் நிரப்பாதீர்கள், அது வான்மீகிக்குப் போய்விடும்.

வாலி சொல்லும் பதில் பெரிய அடி. தம்பியர் அல்லாமல் தனக்கு வேறு உயிரே இல்லை என்று வாழ்கிறவன், நானும் என் தம்பியும் பொருதும் போரில் இடையே அம்பு தொடுப்பானா என்று கேட்கிறான். அவளைப் பார்த்து, “பிழைத்தனை, பாவி! உன் பெண்மையால்” என்கிறான். அவள் சொன்னதுதான் நடந்தது. நடந்த பிறகும் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ள அவன் உயிரோடு இல்லை.

இப்போது உங்கள் முதல் கேள்வி. தாரை அந்த வாதத்தைக் கேட்கவில்லை. கம்பனில் வரிசை இது: வாலி அம்பு பட்டு விழுகிறான், அம்பில் பெயரைப் பார்க்கிறான், வாதம், மனம் மாறுகிறான், சுக்கிரீவனை ஒப்படைக்கிறான், அங்கதன் வந்து அழுகிறான், அவனையும் ஒப்படைக்கிறான், இராமன் அங்கதனிடம் உடைவாளைக் கொடுக்கிறான், வாலி உயிர் விடுகிறான். பிறகு இராமன் சுக்கிரீவன் கையைப் பற்றிக்கொண்டு அங்கதனையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறான். அதற்கும் பிறகுதான் “வேல் விழித் தாரை கேட்டாள், வந்து, அவன் மேனி வீழ்ந்தாள்.” அவள் வந்தபோது கொன்றவனும் இல்லை, கொல்லச் சொன்னவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. வான்மீகியில் உயிர் இருக்கும்போதே வந்துவிடுகிறாள், அதே அம்பால் என்னையும் கொல் என்று இராமனிடமே கேட்கிறாள். அந்த இராமனோடான நேர்ப்பேச்சைக் கம்பன் தாரைக்குக் கொடுத்தால் கட்டுமானமே இடிந்துவிடும்.

இன்னொரு கண்ணி. தாரை அம்பைப் பிடுங்குவதாகவோ, அதிலுள்ள பெயரை வாசிப்பதாகவோ எழுதிவிடாதீர்கள். வாலியின் கை நெகிழ்ந்ததும் அம்பு மார்பை உருவி, மேலே போய், கடலில் தோய்ந்து, இராமன் தூணிக்குத் திரும்பிவிட்டது. வான்மீகியில் நீலன் பிடுங்குகிறான். கம்பன் தாரை கண்டது காயத்தை மட்டும்.

இதையெல்லாம் கையாள ஒரு வழி: ஒரு தாளை மூன்றாக மடித்து, அவள் கண்டது, அவளுக்குச் சொல்லப்பட்டது, அவளுக்குத் தெரியவே முடியாதது என்று பிரியுங்கள். நடுப்பத்தியில் எழுதும் ஒவ்வொன்றுக்கும் யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்று பக்கத்தில் பெயர் வேண்டும். பெயர் வைக்க முடியாவிட்டால் அது மூன்றாவது பத்திக்குப் போகட்டும். ஒரு பாத்திரத்தின் வாயால் சொல்லும் கதை பெரும்பாலும் கெடுவது இங்கேதான். பேசுகிறது தாரை, தெரிந்து வைத்திருப்பது கம்பன் என்று ஆகிவிடும்.

தேவகோட்டை_வாசகி:

அண்ணன் சொன்ன வரிசை சரி. வாதம் இல்லையே என்று ஆச்சி கவலைப்பட வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் சேர்க்கிறேன். கம்பன் தாரைக்கே ஒரு தீர்ப்பு கொடுத்திருக்கிறான். புலம்பலில் ஒரு பாட்டு, “தருமம் பற்றிய தக்கவர்க்கு எலாம், கருமம் கட்டளை என்றல் கட்டதோ?” என்று முடியும். அறம் பற்றியவர்களுக்கு அவர்கள் செயல்தான் உரைகல் என்று சொல்வது பொய்யோ என்று கேட்கிறாள். ‘கருமமே கட்டளைக் கல்’ என்ற குறள் நம்ம ஊர்க் கூட்டத்துக்கு உடனே காதில் விழும். வாலி பல பாட்டில் கேட்டதை இவள் ஒரே பாட்டில் கேட்டுவிட்டாள், அதுவும் யாருமில்லாத களத்தில். இந்த இடத்தை நன்றாக நிறுத்திச் சொல்ல வையுங்கள். வாதத்தைத் தேடி வந்தவர்களுக்கு வாதம் கிடைத்துவிடும்.

புலம்பலில் இன்னொன்றை விடவே கூடாது. உன் மனசுக்குள் நான் இருந்திருந்தால் அந்த அம்பு என்னையும் எடுத்திருக்கும், என் மனசுக்குள் நீ இருந்திருந்தால் நீ பிழைத்திருப்பாய், ஆக இருவர் உள்ளத்திலும் இருவரும் இல்லை என்கிறாள்: “இருவேம் உள் இருவேம் இருந்திலேம்.” இதை அழுதுகொண்டே சொன்னால் வீணாகும். கணக்குத் தீர்க்கிறவள் மாதிரி வறண்ட குரலில் வரவேண்டிய பாட்டு. பதிப்புக்குப் பதிப்பு புலம்பல் இருக்கும் இடம் மாறும். சிலவற்றில் வாலி வதைப் படலத்துக்குள்ளேயே இருக்கும், சிலவற்றில் தாரை புலம்புறு படலம் என்று தனியாக இருக்கும். நடிக்கிறவர் கையில் இருக்கும் புத்தகமும் உங்கள் புத்தகமும் ஒன்றாக இருக்கட்டும்.

நம்ம பக்கத்து ஒப்பாரி மெட்டில் புலம்பலைப் போடலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம் என்பது என் எண்ணம். ஒப்பாரியின் மூச்சை மட்டும் எடுங்கள்: ஒரு விளி, ஒரு நிறுத்தம், ஒரு நினைவு, மறுபடி விளி. மெட்டோடு எடுத்தால் கேட்கிறவர்கள் அவரவர் வீட்டு இழவுக்குப் போய்விடுவார்கள், தாரை கைவிட்டுப் போவாள்.

உருமைக்கு வருகிறேன். கம்பன் தாரை உருமையைப் பற்றிப் பேசவில்லை. வாலி உருமையைக் கவர்ந்தது அனுமன் இராமனிடம் சொல்வதில்தான் நமக்குத் தெரியவருகிறது. ஆனால் ஒரே அரண்மனைக்குள் ஓரகத்தி சிறையாக இருந்தது தாரைக்குத் தெரியாமல் இருக்க முடியாது. தாரை உருமைக்குக் காவலாக நின்றாள் என்று எழுதினால் கதை இனிப்பாகிவிடும். பொறாமைப்பட்டாள் என்று எழுதினால் மலிவாகிவிடும். தெரிந்தது, தடுத்தேன் அல்லது தடுக்கவில்லை, பலன் இல்லை. அந்த அளவில் நில்லுங்கள். முடிசூட்டுக்குப் பிறகு இருவர் நிலையும் தலைகீழாகிறது. உருமை முன்கட்டுக்கு வருகிறாள், தாரை பின்கட்டுக்குப் போகிறாள். வழியில் இருவரும் ஒருவரை ஒருவர் கடந்து போகும் நேரம் ஒன்று இருந்தே ஆகவேண்டும். அது போதும், 3 அல்லது 4 நிமிடம். கூப்பிடுமுறையில் கவனம் வையுங்கள்: சுக்கிரீவன் அவளுக்குக் கொழுந்தன். வாலி இருந்தவரை அப்படிச் சொல்லட்டும். பட்டம் கட்டிய பிறகு ‘அரசர்’ என்று மாறட்டும். மாற்றத்தை விளக்க வேண்டாம்.

மொழி: வளவில் உட்கார்ந்து கேட்கிறவர்களில் புரட்டாசியில் ராமாயணம் படிக்கிற வீட்டு ஆட்கள் இருப்பார்கள். பாட்டைக் கம்பன் சொன்னபடியே சொல்லுங்கள், சந்தி பிரித்து. வசனம் எளிய நல்ல தமிழ். ‘அப்பச்சி’, ‘ஆத்தா’ என்று நம்ம வீட்டுச் சொற்களைப் போட்டால் முதல் நிமிடம் கைதட்டு கிடைக்கும், அதற்கப்புறம் கிட்கிந்தை காணாமல் போகும்.

வளவுமுற்றம்:

ரொம்ப நன்றி. அந்தப் புலம்பல் பாட்டைக் கவனிக்காமலே தாண்டியிருந்தேன். இரண்டு சின்னக் கேள்வி. மாயாவி என்ற அசுரனைத் துரத்தி வாலி பிலத்துக்குள் (நிலத்தடிக் குகைக்குள்) போன காலத்தில் தாரை என்ன ஆனாள்? அடுத்தது, சேடி ஒருத்தி ஓடிவந்து வாதத்தை முழுசாகச் சொல்வது மாதிரி வைக்கலாமா? உடுப்பு வெள்ளைச் சேலை என்று நினைத்திருக்கிறேன்.

ஏட்டுக்கட்டு:

பிலம்: கம்பன் ‘இருது ஏழொடு ஏழ்’ என்கிறான். 14 பருவம், பருவத்துக்கு 2 மாதம், ஆக 28 மாதம். வான்மீகியில் ஒரு வருடம்தான். இந்த 28 மாதத்தில் தாரையைப் பற்றிக் கம்பன் வாய் திறக்கவில்லை. வான்மீகியில் பின்னால் ஓரிடத்தில் சுக்கிரீவன், அரசும் தாரையும் உருமையும் அப்போது தனக்குக் கிடைத்ததாகச் சொல்கிறான். அதை இங்கே இழுக்க வேண்டாம். உங்கள் கற்பனைக்கு உண்மையான இடம் இதுதான். வாலி இறந்தான் என்று சொல்லிப் பிலத்து வாயை மலையால் அடைத்தபோது அவள் ஒருமுறை மங்கல அணி கழற்றியிருக்கலாம். வாலி திரும்பி வந்ததும் மறுபடி பூட்டியிருக்கலாம். அப்படி எழுதினால் களத்தில் அவள் படும் அதிர்ச்சிக்கு வேறு கனம் வரும்: இந்தத் தடவையும் திரும்பி வருவானோ என்று ஒரு நொடி. பாட்டில் இல்லை, பாட்டுக்கு முரணும் இல்லை. இட்டுக்கட்டுவதற்கு இதுதான் அளவுகோல்.

சேடி வேண்டாம். சேடி வாயால் வந்தால் அது செய்தி வாசிப்பு. கேட்கிறவர்கள் ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருப்பதை இன்னொருத்தி மோசமாகச் சொல்வதுபோல் ஆகும். வேண்டுமானால் ஒரே ஒரு துண்டு மட்டும் அவள் காதுக்கு வரட்டும், அதுவும் வாதத்திலிருந்து வேண்டாம். முடிசூட்டிய பிறகு அரசியற் படலத்தில் இராமன் சுக்கிரீவனுக்கு அறிவுரை சொல்கிறான். மாந்தர்க்கு மரணம் மங்கையர் பொருட்டால் வரும் என்பதற்கு வாலியின் செயலே சான்று என்கிறான். இது அரண்மனைக்குள் பரவாமல் இருக்காது. ‘உன் பெண்மையால்’ என்று கணவன் சொன்னது ஒன்று, ‘மங்கையர் பொருட்டால்’ என்று கொன்றவன் சொன்னது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் தாரை சொல்லட்டும். விளக்கம் வேண்டாம்.

உடுப்பு: இலக்குவன் முன் தாரை வரும் பாட்டு நிறம் சொல்லவில்லை. மங்கல அணி நீக்கி, மணி அணி துறந்து, பூ மாற்றி, குங்குமமும் சாந்தும் இல்லாமல், கழுத்து மறையப் போர்த்தி வந்தாள் என்றுதான் இருக்கிறது. நம்ம வீடுகளில் வெள்ளைச் சேலை என்றால் ஒரே பொருள்தான். அது தாரையை உடனே அப்பத்தா ஆக்கிவிடும். மங்கிய ஒற்றை நிறத்தில் நூல் சேலை, கழுத்துவரை போர்வை. போதும்.

தேவகோட்டை_வாசகி:

சேலையில் நான் ஒத்துப்போகவில்லை அண்ணே. வெள்ளை என்றால் பின்வரிசை வரைக்கும் ஒரே பார்வையில் தெரியும். இராத்திரி வளவில் மங்கிய நிறம் தூணோடு தூணாகப் போய்விடும். மற்றதெல்லாம் சரி.

திரைச்சீலை:

எழுத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் நேரமும் இடமும் பற்றிச் சொல்கிறேன்.

50 நிமிடம் என்றால் எழுத்து 4,000 சொல்லைத் தாண்டக் கூடாது. நிறுத்தி நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80 முதல் 90 சொல். மௌனமும் நடையும் சேர்ந்து 5 நிமிடம் தின்னும். விருத்தமாகப் பாடினால் ஒரு பாட்டு ஒன்றரை நிமிடம் எடுக்கும், பேச்சாகச் சொன்னால் 20 வினாடி. பாடுவது 3 பாட்டுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் கச்சேரி கேட்கும் மனநிலைக்குக் கூட்டம் போய்விடும்.

தொடக்கம் கிட்கிந்தைப் படலத்தில் இருக்கட்டும். மழைக்காலம் முடிந்தும் சுக்கிரீவன் வரவில்லை, இலக்குவன் கோபமாக வருகிறான், குரங்குகள் கோட்டை வாயிலில் பாறையை உருட்டி அடைக்கின்றன, அவன் காலால் உதைத்துத் திறக்கிறான். சுக்கிரீவன் கள்மயக்கத்தில் கிடக்கிறான். அங்கதனும் அனுமனும் தாரையிடம் வருகிறார்கள். அவள் அவர்களிடம் கேட்பது, “உய்திர் போலும், உதவி கொன்றீர்?” முதல் வசனமாக இதை வையுங்கள். கணவனைக் கொன்றவன் செய்த உதவியை மறந்தீர்களே என்று கணவனை இழந்தவளே கேட்கிறாள். இவள் எப்படி இதைச் சொல்லும் இடத்துக்கு வந்தாள் என்று கூட்டத்துக்குத் தானாகவே கேள்வி எழும். மீதி நேரம் அதற்குப் பதில். வாயில் அடைப்பு 5 நிமிடம், கூந்தல் தீய்ந்த இரவு 12, களம் 12, மழைக்காலத்து 4 மாதம் (பிலமும் உருமையும் இதற்குள்ளேயே நினைவாக வரட்டும்) 11, இலக்குவன் முன் 10. களத்துக்கு முன்பே பிலத்தைச் சொல்லிவிட்டால் களத்தின் அடி குறையும். முன்பே சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் ஒற்றை வரியில் தொட்டுவிட்டுப் போங்கள்.

இடம். உங்கள் வீட்டில் முகப்பு வாசலிலிருந்து பின்வாசல் வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும்தானே? அந்தக் கோடுதான் உங்களுக்கு மேடை. வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்குப் போகும் வாசல்படியில் தாரை நிற்கட்டும். வாலி போன திசை முகப்பு. எல்லாக் கதவும் திறந்திருந்தால் அவள் பார்வை தெருவரைக்கும் போகும், வாலியை யாரும் நடிக்கவே வேண்டாம். ஆனால் பின்கதவையும் சேர்த்துத் திறந்தால் காற்று இழுக்கும். விளக்கு அணையும், மைக்கில் ஊதல் சத்தம் வரும். பின்கதவைச் சாத்திவிட்டு முகப்பை மட்டும் திறந்து வையுங்கள்.

கூட்டத்தை வளவைச் சுற்றி மூன்று பக்கத் தாழ்வாரத்திலும் உட்கார வையுங்கள், இரண்டாம் கட்டுப் பக்கத்தைக் காலியாக விடுங்கள். தூணுக்குப் பின்னால் யாரையும் உட்கார வைக்காதீர்கள். தேக்குத் தூண் ஒன்று மறைத்தால் பின்னால் 3 பேர் பார்க்க முடியாது. சுண்ணாம்புச் சுவர் வழவழப்பாக இருப்பதால் காலி வீட்டில் ஒத்திகை பார்த்தால் எதிரொலி அதிகம் கேட்கும். அதற்குப் பயந்து பேச்சை இழுக்கப் பழகாதீர்கள். ஆட்கள் உட்கார்ந்ததும் எதிரொலி பாதியாவது அடங்கும். மிச்சத்துக்குப் பின்சுவரில் ஜமுக்காளம் தொங்கவிடுங்கள். 80 பேருக்குள் என்றால் மைக்கே தேவையில்லை. அதற்கு மேல் என்றால் சட்டையில் குத்தும் சின்ன மைக், சின்னப் பெட்டி 2. பெரிய பெட்டி வைத்தால் சொல் கலங்கிவிடும்.

ஆத்தங்குடித் தரையில் எண்ணெய்ச் சொட்டோ தண்ணீரோ பட்டால் வழுக்கும். களத்தில் அவள் விழும் இடம் உங்களுக்கு உண்டு. அந்த இடத்தில் விளக்கு வைக்காதீர்கள், விழுகிற இடத்தை மாலையிலேயே உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். சேலை தரையைத் தொடாத உயரத்தில் கட்டட்டும். விளக்கு மஞ்சள் ஒளி 2 போதும், தூணின் உள்பக்கத்திலிருந்து. எதிரெதிராக வைத்தால் தூண் நிழல் முகத்தில் விழாது. வாசகி ஆச்சி சொன்ன சேலைக் கவலையும் இந்த ஒளியில் தீரும். நிறம் எதுவானாலும் தெரியும். பங்குனியில் பொழுது ஆறரைக்கெல்லாம் சாய்ந்துவிடும், தரைச் சூடு உடனே இறங்காது. 7 மணிக்கு மேல் தொடங்குங்கள்.

இலக்குவன் தாரையைப் பார்த்ததும் தன் தாய்மார் நினைவு வந்து உருகுகிறான் அல்லவா, அதை அவளே சொல்லி முடிக்கலாம். கைதட்டு அங்கேதான் கிடைக்கும்.

ஏட்டுக்கட்டு:

அந்த ஒன்றில் மட்டும் நான் குறுக்கே நிற்கிறேன். தாரை அதைச் சொல்லக் கூடாது. கோபத்தோடு வந்தவன் அவளைப் பார்த்ததும் “நயனங்கள் பனிப்ப நைந்தான்.” இது வெளியே தெரிவது, அவள் கண்டிருக்கலாம். அடுத்த பாட்டில், என்னை ஈன்ற இருவரும் இப்படித்தானே இருப்பார்கள் என்று அவன் நினைப்பது, அவன் நெஞ்சுக்குள். கம்பனுக்குத் தெரியும், கூட்டத்துக்கும் தெரியும், தாரைக்குத் தெரியாது. ஒரு இளைஞன், வில்லோடு வந்தவன், என்னைப் பார்த்து ஏன் அழுதான் என்று அவளுக்குப் புரியாமலே இருக்கட்டும். அவளுக்குப் புரியாதது முன்வரிசைக்கெல்லாம் புரியும். தன்கூற்றில் எழுதுவதன் முழுப் பயனும் இந்த இடத்தில்தான் கிடைக்கிறது, அதை விளக்கிக் கெடுத்துவிடாதீர்கள்.

அவள் செய்வது அங்கே ஒரு வேலை. ஊரைக் காப்பாற்ற வந்தவள் அவள். “சீறுவாய் அல்லை, ஐய! சிறியவர் தீமை செய்தால் ஆறுவாய்” என்று அவனைத் தணிக்கிறாள். சுக்கிரீவன் மறக்கவில்லை, படை திரட்டத் தூதர்களை அனுப்பியிருக்கிறான் என்று விவரம் சொல்கிறாள். ஒரு மந்திரி பேசுவதுபோல் தெளிவான பேச்சு. இந்தப் பேச்சின் நடுவிலேயே நாடகம் நிற்கலாம். வான்மீகியில் இந்த இடத்தில் அவள் மதுமயக்கத்தோடு தள்ளாடி வருகிறாள். இரண்டையும் படித்த யாராவது அதை நினைத்துக்கொண்டு நடிப்பைத் தளர்த்தச் சொல்லலாம், இடம் கொடுக்காதீர்கள். இலங்கையிலிருந்து திரும்பும்போது சீதை கேட்டுத் தாரை முதலியோர் விமானம் ஏறுவதும் வான்மீகியில் வருகிறது. அதைக் கொண்டுவந்து முடித்தால் அழகாகத் தோன்றும், ஆனால் அந்தத் தாரை சுக்கிரீவனோடு வாழ்கிற தாரை.

தேவகோட்டை_வாசகி:

இதில் அண்ணன் பக்கம்தான் நானும். ஒரு திருத்தம் மட்டும்: இலக்குவன் முகத்தைத் தாழ்த்தி, வில்லைத் தரையில் ஊன்றி நின்றதையும் அவள் கண்டதில் சேருங்கள். பெண்கள் கூட்டத்தைப் பார்த்துக் கூசி நின்றான் என்பது அவளுக்கு நன்றாகவே புரிந்திருக்கும். அவள் துணிந்து பேசத் தொடங்குவதற்கு அது காரணமாகவும் இருக்கும்.

வளவுமுற்றம்:

எல்லாம் எடுத்துக்கொண்டேன். ‘உதவி கொன்றீர்’ முதல் வசனம். சேடி வெளியே, அம்பு வெளியே, பாற்கடல் ஒரு வரி. பிலத்தை மழைக்காலத்துக்குள் நகர்த்துகிறேன். மூன்று பத்தித் தாள் போட்டுப் பார்த்ததில், என் எழுத்தில் பாதி மூன்றாவது பத்திக்குப் போகிறது, அதனால் அந்தப் பகுதிகளைத் திரும்ப எழுதவேண்டும். சேலையை இரண்டு நிறத்திலும் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம். நாள் மட்டும் இன்னும் குறிக்கவில்லை.

திரைச்சீலை:

பங்குனி மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் காரைக்குடியில் கம்பன் திருநாள், அத்தத்தன்று நாட்டரசன்கோட்டைக் கம்பன் சமாதியில். உங்களுக்கு வேண்டிய ஆட்கள் அந்த 4 மாலையும் அங்கேதான் இருப்பார்கள். அதற்கு அடுத்து வரும் சனிக்கிழமையைக் குறியுங்கள். திருநாளுக்கு வெளியூரிலிருந்து வந்தவர்களில் சிலர் ஊரிலேயே இருப்பார்கள், பாட்டும் காதில் புதிதாக இருக்கும். ஒத்திகை ஒன்றாவது இராத்திரி 7 மணிக்கே, அதே வளவில், முகப்புக் கதவைத் திறந்து வைத்துப் பாருங்கள்.